வருமானம் கூடிய பிறகும் உதவித்தொகை வந்துகொண்டிருந்தால்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேரன்மகாதேவி பக்கத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். மாதம் 15-ஆம் தேதி, மகளிர் உரிமைத் தொகை வரும் நாளில், கூட்டம் தானாகச் சேரும். பணம் வரவில்லை என்று சத்தமாகக் கேட்பவர்கள் ஒரு பக்கம். எல்லாரும் போகும்வரை ஓரமாக நின்று, 'பணம் இன்னும் வந்துகிட்டே இருக்கே, இது தப்பா?' என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் இன்னொரு பக்கம். மகனுக்கு வேலை கிடைத்திருக்கும், நிலம் கைக்கு வந்திருக்கும், வீட்டுக்காரருக்குச் சம்பளம் கூடியிருக்கும். மனசு உறுத்தும், பயமும் இருக்கும். அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே வைத்திருக்கிறேன்.

"கூடுதலா வந்த பணம்"னு சொல்லுதாங்களே, அப்படின்னா என்ன? நாங்க யார் பணத்தையும் எடுக்கலையே?

எடுக்கவில்லைதான். உங்களுக்குத் தகுதி இருந்தபோது வந்த பணம் உங்கள் பணம். அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வருமானமோ குடும்ப நிலைமையோ மாறித் தகுதி போன பிறகு, விவரம் அலுவலகத்துக்குத் தெரியாததால் பழையபடியே வந்த தவணைகள்தான் கூடுதல் பணம். உங்கள் மேல் குற்றம் சாட்டுகிற வார்த்தை இல்லை இது, வெறும் கணக்கு வார்த்தை.

வருமானம் மாறுவதும் தப்பு இல்லை. மாறியதை எப்போது, எப்படிச் சொன்னீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எல்லாப் பணத்துக்கும் வருமானம் பாக்காங்களா?

இல்லை. கல்லூரியில் படிக்கும் பெண்பிள்ளைக்கு வரும் புதுமைப்பெண் திட்டத்து ஆயிரம் ரூபாய்க்கு வருமான வரம்பு கிடையாது. அந்தப் பிள்ளை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அப்பாவுக்குச் சம்பளம் கூடிவிட்டது என்று அதைத் தொட்டுப் பயப்பட வேண்டாம்.

மகளிர் உரிமைத் தொகைக்குப் பார்க்கிறார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோது போட்ட விதிப்படி, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக்கூடாது. நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட் என்ற எல்லைகளும் உண்டு. குடும்பத்தில் அரசு ஊழியரோ வருமான வரி கட்டுபவரோ இருக்கக்கூடாது. முதியோர் உதவித்தொகை, ஆதரவற்ற விதவை உதவித்தொகை ஆகியவை வறுமையையும் ஆதரவு இல்லாத நிலையையும் பார்த்துக் கொடுப்பவை. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6000 ரூபாய் வரும் மத்திய அரசின் பி.எம்.கிசானில் 'இத்தனை லட்சம்' என்று வரம்பு கிடையாது. ஆனால் கடந்த ஆண்டுக் கணக்கில் வருமான வரி கட்டியவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர் ஆகியோருக்குக் கிடையாது.

பையனுக்குக் கூடங்குளத்துல காண்ட்ராக்ட் வேலை, மாசம் பத்தொன்பதாயிரம். நான் பீடி சுத்துதேன். ரெண்டரை லட்சம் தாண்டிருச்சா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தொன்பதாயிரம் பன்னிரண்டு மாதத்துக்கு 2,28,000. பீடியில் மாதம் மூவாயிரம் வருகிறது என்று வைத்தால் ஆண்டுக்கு 36,000. இரண்டும் சேர்ந்து 2,64,000. தாண்டிவிட்டது. மகன் சம்பளம் மட்டும் என்றால் தாண்டவில்லை. இப்படிப் பதினாலாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் தகுதி போகிற வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கணக்கு கணக்குதான்.

மாதக் கணக்கு பழகியவர்கள் ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்குள் வரும் எல்லாருடைய வருமானமும் சேர்ந்து மாதம் 20,833 ரூபாயைத் தாண்டினால் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டும். ஓவர்டைம், போனஸ், வயல் வருமானம், வீட்டு வாடகை எல்லாம் இதில் வரும்.

"குடும்பம்"னா யாரு? மகன் வரி கட்டுதான், ஆனா தனியாத்தான் இருக்கான். எனக்கு வர்ற பணம் நிக்குமா?

ஒரே வார்த்தைக்கு ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு பொருள். நிறைய பேர் தேவையில்லாமல் பயப்படுவதும், பயப்பட வேண்டியவர்கள் நிம்மதியாக இருப்பதும் இதனால்தான்.

பி.எம்.கிசானில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள். அவ்வளவுதான். இருபத்தைந்து வயது மகன் சென்னையில் சம்பாதித்து வரி கட்டுகிறான் என்பதற்காக மட்டும் அப்பாவின் கிசான் பணம் போகாது. அப்பாவோ அம்மாவோ வரி கட்டினால் போகும். இன்னொன்று: வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வது வேறு, வரி கட்டுவது வேறு. வங்கிக் கடனுக்காகக் கணக்கை மட்டும் தாக்கல் செய்து, கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லாதவர் வரி கட்டியவர் ஆகமாட்டார்.

மகளிர் உரிமைத் தொகையில் குடும்ப அட்டைதான் அடிப்படை. மகன் பெயர் உங்கள் அட்டையில் இருக்கும்வரை அவன் சம்பளம் உங்கள் வீட்டு வருமானம். கல்யாணமாகி அவன் உண்மையிலேயே தனிக்குடித்தனம் போயிருந்தால் பெயரை நீக்கி அவனுக்குத் தனி அட்டை வாங்குங்கள். ஒரே வீட்டில் ஒரே உலையில் சோறு பொங்கிக்கொண்டு, பணத்துக்காக மட்டும் அட்டையைப் பிரிக்க வேண்டாம். விசாரணைக்கு வருபவர் பக்கத்து வீட்டில்தான் முதலில் கேட்பார்.

யார்கிட்ட சொல்லணும்? தலையாரிகிட்ட வாயால சொல்லிட்டோமே, போதாதா?

போதாது. இதை நான் எங்கள் வீட்டு அனுபவத்தில் சொல்கிறேன். என் சித்தப்பாவுக்கு ஓர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. மகள் வேலைக்குப் போனதும் அவரே ஒரு அலுவலகத்துக்கு நடந்து போய் விஷயத்தைச் சொன்னார். அங்கே இருந்தவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, 'சரி பெரியவரே, பாத்துக்கிடுதோம்' என்று அனுப்பிவிட்டார். பணம் நிற்கவில்லை. குறித்தவர் மாறுதலில் போனார், நோட்டும் போன இடம் தெரியவில்லை. பதினான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: தகவலை மறைத்துப் பெற்றிருக்கிறீர்கள் என்று. 'மறைத்து' என்ற அந்த ஒரு வார்த்தைதான் அவரை உடைத்தது. சொன்னதற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஆகவே எழுத்தில் கொடுங்கள். முதியோர், விதவை உதவித்தொகைக்கு உங்கள் வட்டத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். உரிமைத் தொகைக்கு வட்டாட்சியர் அலுவலகம். மேல்முறையீடும் புகாரும் என்றால் வருவாய்க் கோட்டாட்சியர். நம் மாவட்டத்தில் திருநெல்வேலி, சேரன்மகாதேவி என்று இரண்டு கோட்டங்கள். கிசானுக்கு வட்டார வேளாண்மை அலுவலகம். ஒரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போடத் தயங்கினால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வையுங்கள். அல்லது திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், மனு எண் கிடைக்கும்.

ஆலங்குளம், கடையம் பக்கத்துக்காரர்கள் இன்னமும் பழக்கத்தில் கொக்கிரகுளத்துக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். 2019 நவம்பர் 22 முதல் நீங்கள் தென்காசி மாவட்டம். மனு அங்கேதான்.

மனுவில என்ன எழுதணும்? எனக்கு இங்கிலீஷ் வராது.

தமிழில் எழுதுங்கள், அரைப் பக்கம் போதும். பெயர், முகவரி, குடும்ப அட்டை எண், எந்த உதவி, பணம் எந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது. பிறகு விஷயம்: 'என் மகன் இன்ன தேதி முதல் இன்ன இடத்தில் மாதம் இவ்வளவு சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்துள்ளார். என் குடும்ப வருமானம் மாறியிருக்கிறது. எனக்கு இந்த உதவித்தொகைக்குத் தகுதி தொடர்கிறதா என்று பரிசீலித்து, இல்லையென்றால் நிறுத்துமாறும், அந்தத் தேதிக்குப் பிறகு வந்த தொகையை எந்தக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.' வேலைக்குச் சேர்ந்த கடிதத்தின் நகலை இணைத்துவிடுங்கள்.

தகுதி போய்விட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். மாற்றத்தையும் தேதியையும் சொல்லுங்கள். முடிவு சொல்வது அலுவலகத்தின் வேலை.

சொல்லிட்டோம். ஆனாலும் மாசாமாசம் வந்துகிட்டேதான் இருக்கு. செலவழிக்கலாமா?

வேண்டாம். பதில் வரும்வரை தொடாமல் வையுங்கள். வங்கியில் இருப்பதே நல்லது. கணக்கிலிருந்து எடுத்து வைத்தாலும் சரிதான்.

வீரவநல்லூர்ப் பக்கத்து ஆச்சி ஒருத்தி வந்தாள். மகன் குரூப் நான்கு தேர்வில் தேறி அரசு வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவளுக்கு முதியோர் உதவித்தொகை மாதம் 1200 நிற்காமல் வந்துகொண்டிருந்தது. மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்தால் நான்கு நோட்டுச் சுருள்கள். ஒவ்வொரு சுருளையும் சேலைக் கரையில் கிழித்த நூலால் கட்டியிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஆயிரத்து இருநூறு. 'இது எங்காசு இல்லல்லா, மவனுக்குத்தான் வேலை வந்துட்டுல்லா' என்றாள். 4800 ரூபாய், ஒரு ரூபாய் குறையவில்லை. அவளுடைய மனுவை எழுத எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எங்களுக்குத் தெரியாமலே செலவாயிட்டே, அண்ணாச்சி. இப்ப எவ்வளவு கட்டணும்னு எப்படித் தெரியும்?

செலவாகியிருந்தால் பதற வேண்டாம், பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். முதலில் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்குங்கள். வருமானம் மாறிய தேதியில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே அந்தத் திட்டத்தின் பெயரில் வந்த வரவுகளை மட்டும் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். மகன் ஜூனில் சேர்ந்து, ஜூலை முதல் டிசம்பர் வரை உரிமைத் தொகை வந்திருந்தால் ஆறு வரவு, ஆறாயிரம் ரூபாய். உங்கள் கணக்கில் வரக்கூடிய அதிகபட்சத் தொகை அது.

அலுவலகம் கேட்கும் தொகை இதைவிடக் கூடுதலாக இருந்தால், எந்த மாதத்திலிருந்து தகுதி போனதாக எடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தவறு பெரும்பாலும் அந்தத் தொடக்க மாதத்தில்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த கடிதம் அதற்குத்தான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பாஸ்புக் போய்விட்டது என்று பலர் சொல்கிறார்கள். வங்கிக் கிளையில் கணக்கு விவரம் கேட்டால் அச்சிட்டுத் தருவார்கள். பழைய மனுவின் நகல் வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஒரேயடியா கட்ட முடியாது. தவணை உண்டா?

கேட்டால்தான் உண்டு. நோட்டீசில் தவணை என்ற பேச்சே இருக்காது. 'தொகையை ஒப்புக்கொள்கிறேன், என் மாத வருமானம் இவ்வளவு, செலவு இவ்வளவு, மாதம் ஐந்நூறு வீதம் செலுத்த அனுமதி வேண்டுகிறேன்' என்று எழுதிக் கொடுங்கள். முதல் தவணையை எப்போது கட்டுவேன் என்ற தேதியையும் போடுங்கள். கட்ட முடிகிற தொகையை மட்டும் எழுதுங்கள். ஆயிரம் என்று வீராப்பாக எழுதிவிட்டு இரண்டாம் மாதம் தவறினால் அடுத்த மனுவுக்கு மதிப்பு இருக்காது.

கந்துவட்டிக்கு வாங்கி மட்டும் கட்டாதீர்கள். அரசுக்கு ஆறாயிரம் அடைத்துவிட்டு வட்டிக்காரனுக்கு வருஷம் முழுக்கக் கட்டிய ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

பணத்தை எங்க கட்டணும்? ஆபீஸ்ல யார் கையிலயாவது குடுக்கலாமா?

யார் கையிலும் கொடுக்கக்கூடாது. செலான் மூலமாகவோ, எழுத்தில் தெரிவித்த அரசுக் கணக்கிலோ மட்டும் கட்டுங்கள். கிசான் பணத்துக்கு அதன் இணையதளத்திலேயே பணத்தைத் திருப்பிச் செலுத்தவும், இனி வேண்டாம் என்று தாமாக விட்டுக்கொடுக்கவும் தனித்தனி வசதி இருக்கிறது. இ-சேவை மையத்திலும் உதவி கேட்கலாம். கட்டிய ரசீதை ஜெராக்ஸ் எடுத்து, முன்பு சொன்ன மனு நகலோடு சேர்த்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். அதனால்தான் ஜெராக்ஸ்.

போன்ல ஒருத்தன், "கூடுதல் பணம் வாங்கிருக்கீங்க, ஓடிபி சொல்லுங்க, இல்லன்னா கேஸ்"ங்கான். உண்மையா?

பொய். எந்த அலுவலகமும் ஓடிபி கேட்டுப் பணம் வசூலிப்பதில்லை. சொல்லியிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள், அப்புறம் வங்கிக்கு.

ஜெயில்ல போட்டுருவாங்களா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதை எல்லாரும் கடைசியில், கிளம்பும்போதுதான் கேட்பார்கள்.

விண்ணப்பித்த அன்று எழுதியது உண்மையாக இருந்து, பிறகு வருமானம் மாறி, சொல்லத் தாமதமாகியிருந்தால் அது பணத்தைத் திருப்பித் தருகிற விவகாரம். மோசடிக் குற்றம் என்றால் ஏமாற்றும் நோக்கம் இருந்ததைக் காட்ட வேண்டும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318-ஆம் பிரிவு. போலிச் சான்று கொடுத்தது, வேறொருவர் நிலத்தைத் தன் பேரில் காட்டியது, இறந்தவர் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டது போன்றவை அந்தப் பக்கம் போகும். 2020-இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் கிசான் பணத்தில் வழக்கும் கைதும் நடந்தது தகுதியே இல்லாதவர்களைத் திட்டமிட்டுச் சேர்த்ததற்காக. மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்ல மறந்த தாயின் கதை அது இல்லை.

ஆனால் நேரில் கேட்கும்போது 'யாருக்கும் வேலை இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அதுவரை மறதி என்று இருந்தது அந்தக் கையெழுத்தோடு பொய் ஆகிவிடும்.

இந்த வருஷம் வாழைக்கு நல்ல விலை. அடுத்த வருஷம் காத்துல சாஞ்சா ஒண்ணும் இல்ல. இதுக்கும் போய்ச் சொல்லணுமா?

களக்காட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. சம்பளம் மாதிரி இது நிலையான மாற்றம் இல்லை. கார், பிசானம் என்ற நெல் போகங்கள் மழையைப் பொறுத்தவை, வாழை காற்றைப் பொறுத்தது.

என் யோசனை: செலவு போக நின்ற தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். உரம், கூலி, முட்டுக்கம்பு, குத்தகை எல்லாம் கழித்து நிற்பதுதான் வருமானம், மண்டிச் சீட்டில் இருக்கும் மொத்தத் தொகை இல்லை. அதற்குப் பிறகும் வரம்பைத் தாண்டினால் மனுக் கொடுங்கள். அதிலேயே முந்தின இரண்டு வருஷக் கணக்கையும் எழுதி, இது ஒரு வருஷத்து விலை என்று சொல்லுங்கள். மண்டிச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அம்மா இறந்து மூணு மாசம் பணம் வந்துட்டு. ஏடிஎம் கார்டு எங்ககிட்ட இருந்தது, பதினாறு செலவுக்கு எடுத்துட்டோம்.

வருமானம் மாறுவது போலவே இதுவும் வீட்டு நிலைமை மாறுவதுதான், இதையும் நிறைய பேர் கேட்கிறார்கள். உதவித்தொகை அந்த ஆளோடு முடிகிறது. இறந்த பிறகு வந்த தவணை அம்மாவின் சொத்து இல்லை, பங்கு போடவும் முடியாது. கார்டில் எடுத்தவர் திருப்பிக் கட்ட வேண்டும். துக்க வீட்டில் இது யாருக்கும் நினைவில் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்து சான்று வாங்கியதும் ஒரு நகலைத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒன்றை வங்கியிலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

அம்மா உயிரோடு இருந்தபோதே கூடுதலாக வாங்கியிருந்தார் என்று பிறகு கேட்டால், அது வேறு. வாரிசுகள் தங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. சொத்தே வராதவர் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

பீடிக் கம்பெனி பி.எஃப். பென்ஷன் வர ஆரம்பிச்சிருக்கு. முதியோர் பணமும் வருது. எதை விடணும்?

முக்கூடல், கல்லிடைக்குறிச்சி, மேலப்பாளையம் பக்கம் இது வீட்டுக்கு வீடு உண்டு. பி.எஃப். பென்ஷன் நீங்கள் உழைத்த பணம். அதை விட வேண்டிய பேச்சே இல்லை. புது வருமானம் வந்ததை முதியோர் உதவித்தொகை அலுவலகத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பென்ஷன் ஆணையின் நகலோடு மேலே சொன்ன மாதிரி மனுக் கொடுங்கள்.

"கூடுதலா குடுத்ததைத் திருப்பிக் கேக்கக்கூடாது"ன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்காமே? அப்ப ஏன் கட்டணும்?

வாட்ஸாப்பில் சுற்றுவது 2014 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு, பஞ்சாப் மாநில அரசுக்கும் ரஃபீக் மசிக்கும் இடையிலான வழக்கு. அது அரசு ஊழியர்களுக்கு அரசே தவறாகக் கணக்கிட்டுக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம் பற்றியது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியரிடம், ஓய்வு பெற்றவரிடம் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடம், ஐந்து ஆண்டுக்கு மேல் கொடுத்துவந்த பணத்தை எல்லாம் பிடிக்கக்கூடாது என்றது. கேரள ஆசிரியர் தாமஸ் டேனியல் வழக்கிலும் 2022-இல் ஓய்வு பெற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில், 'கூடுதலாக வந்தால் திருப்பித் தருவேன்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவரிடம் பிடிக்கலாம் என்றது அதே நீதிமன்றம்.

அரசு ஓய்வூதியம் வாங்கும் வீட்டில் கணக்குத் தவறு என்று பிடித்தம் வந்தால் இந்தத் தீர்ப்புகளைக் காட்டி எழுதுங்கள். வருமானம் மாறியதைச் சொல்லாமல் வந்த உதவித்தொகைக்கு அவை கேடயம் ஆகாது. அங்கே தவறு அலுவலகத்துக் கணக்கில் நடக்கவில்லை.

அவங்க கேக்கவே இல்ல. மூணு வருஷம் ஆச்சுன்னா விட்டுரும்னு சொல்லுதாங்களே?

மூன்று வருஷம் என்பது தனியார் கடனுக்குச் சொல்கிற காலவரம்பு. அரசு தொடுக்கும் வழக்குக்கு 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தில் 30 ஆண்டு. ஆகவே காலம் போனால் கடன் போகும் என்று இருக்க வேண்டாம். தாமதம் ஆக ஆகத் தொகைதான் கூடும்.

ஸ்காலர்ஷிப்புக்கு வாங்கின வருமானச் சான்றுல ஒண்ணரை லட்சம் போட்டிருக்கு. இப்ப மனுவில ரெண்டே முக்கால்னு எழுதினா மாட்டிக்கிட மாட்டோமா?

சான்றின் தேதியைப் பாருங்கள். வருமானம் மாறுவதற்கு முன்னால் வாங்கியது என்றால் முரண்பாடே இல்லை: அன்றைக்கு அது, இன்றைக்கு இது. மனுவில் அந்தச் சான்றையும் நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள். மாறிய பிறகு குறைத்து வாங்கியது என்றால் சிக்கல்தான். அடுத்த ஆண்டு உதவித்தொகைக்கு அதையே மறுபடி பயன்படுத்தாதீர்கள். புதுச் சான்று வாங்குங்கள். அலுவலகத்துக்கு எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

நோட்டீசே தப்பு. எங்களுக்கு வருமானம் கூடவே இல்ல. பேர் ஒண்ணா இருக்குன்னு நிறுத்திட்டாங்க.

நடக்கிறது. ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பது நமக்குப் புதிதில்லை. நோட்டீசில் கொடுத்த நாளுக்குள் பதில் எழுதுங்கள். நாள் எதுவும் போடாவிட்டாலும் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் பணம் பிடிக்கக்கூடாது என்பது சட்டத்தின் பொது நியதி, அதைப் பதிலில் ஒரு வரியாக எழுதலாம். எந்த ஆவணத்தை வைத்து முடிவு செய்தார்கள் என்று நகல் கேளுங்கள்.

உரிமைத் தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு இ-சேவை வழியாக மேல்முறையீடு செய்யலாம். 1100 என்ற முதல்வர் உதவி மையத்திலும் பதிவு செய்யுங்கள். எல்லாம் பார்த்தும் நடக்கவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. அதுவரை போனவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசி விஷயம் தாலுகா மேசையிலேயே, சரியான ஒரு காகிதத்தில் முடிந்துவிடும்.

சொல்லி நிறுத்தியாச்சு, பணமும் கட்டியாச்சு. இப்ப பையனுக்கு காண்ட்ராக்ட் முடிஞ்சு வேலை போயிட்டு. திரும்பக் கிடைக்குமா?

நிறுத்தச் சொன்னதால் நிரந்தரமாகப் போய்விடாது. வருமானம் மறுபடி குறைந்தால் மறுபடி கேட்கும் உரிமை உண்டு. வேலை முடிந்ததற்கான கடிதம், சம்பளம் நின்றதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரம், புது வருமானச் சான்று ஆகிய மூன்றையும் வைத்து மறுபடி விண்ணப்பியுங்கள். உரிமைத் தொகைக்குப் புது விண்ணப்பம் வாங்கும் காலம் பார்த்துக் கொடுக்க வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அதோடு, முன்பு நீங்களே கொடுத்த மனுவின் முத்திரை போட்ட நகலையும், பணம் கட்டிய ரசீதின் ஜெராக்ஸையும் மேலாக வைத்து இணையுங்கள். அந்த ஆச்சியின் மகனுக்கு வேலை நிலைத்துவிட்டது, அவளுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் அவள் இன்னும் அந்த நகலை ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் சுருட்டி வைத்திருக்கிறாள்.